கதவுக்குத் தெரியாத நிறம்

சனிப்பெயர்ச்சி வந்தால் ஊரில் எள் விளக்கு ஏற்றுவார்கள், காக்கைக்குச் சோறு வைப்பார்கள், "எங்களை விட்டுத் தள்ளிப் போயிரு சாமி" என்று கும்பிடுவார்கள். புதுத்தேரிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சனியின் மடியிலேயே போய்க் குடியேறினார்கள்! சனியைச் சுற்றிவரும் டைட்டன் என்கிற பெரிய நிலவில், கருத்த மணல்மேடுகளுக்கு நடுவே, கூடம் கூடமாகக் கட்டிக் குழாய்ப்பாதைகளால் இணைத்த குடியிருப்பு அது. உடன்குடி, திசையன்விளை பக்கத்து ஆட்கள்தான் முதலில் இறங்கியவர்கள். அவர்கள் ஊரில் மணல்மேட்டுக்குத் தேரி என்று பெயர். மணலைக் கண்டதும் புதுத்தேரி என்பது தானாக வாயில் வந்துவிட்டது. "சனி பிடிச்சா ஏழரை வருசம்பாவ. நாங்க சனியைப் பிடிச்சிருக்கோம், விடவே மாட்டோம்" என்று குடியிருப்பின் தலைவர் பிரமநாயகம் அண்ணாச்சி பேசக் கிடைத்த இடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது மீசை இரண்டு பக்கமும் தூக்கும்.

புதுத்தேரியின் ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறு துளை உண்டு. விரல்கண் என்று பெயர். விரலை நுழைத்தால் உள்ளிருந்து வெளிச்சம் நகத்தைத் துளைத்துப் பார்த்து, ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறதென்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். தொண்ணூறைத் தாண்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். குறைந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்துவிட்டால் அந்தக் கூடத்துக் காற்றே கெட்டுப்போனதாக முடிவுகட்டி, கதவு இறுகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளியிலிருந்து ஆள் வந்துதான் திறக்க வேண்டும். கொடுமை என்று தோன்றும். ஆனால் ஆரம்பக் காலத்தில், காற்று கசிந்த கூடத்தின் கதவை யாரோ பதறிப்போய்த் திறக்க, பக்கத்துக் கூடத்து ஜனமும் சேர்ந்து செத்தது. அந்தச் சாவுக்குப் பிறகு வைத்த கதவு இது. அதைக் குறை சொன்னால் புதுத்தேரியில் ஒருத்தருக்கும் பொறுக்காது.

அந்தக் கதவுக்கு இசக்கியைப் பிடிக்காது.

இசக்கி மண்வண்டி ஓட்டுகிறவள். குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் மணல்மேட்டை வெட்டி வருவாள். அவள் ஓட்டினால் வண்டி ஒரு தரம்கூட மணலில் புதையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவளிடம் ஒரே ஒரு விசேஷம், பிறந்ததிலிருந்தே உதடும் நகமும் நாவல்பழ நிறம். சின்ன வயதில் இதயத்தில் ஓட்டை என்றார்கள், நுரையீரல் சரியில்லை என்றார்கள். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜனைக் கொட்டினார்கள். உதடு சிவந்தால்தானே! கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் அவள் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விட்டு, பக்கத்தில் தன் ரத்தத்தையும் ஒரு சொட்டு விட்டார். அவருடையது சிவப்பாகப் பளபளத்தது. இவளுடையது கருப்பட்டிப் பாகாகவே கிடந்தது. காற்றில் விசிறிப் பார்த்தும் நிறம் மாறவில்லை. "இதயமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரத்தத்துலதான் கோளாறு. மெத்தீமோகுளோபின்" என்று சொல்லி, மெத்திலீன் நீலம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்! நீலத்தைப் போக்க நீல மாத்திரை. விழுங்கின சற்று நேரத்தில் உதடு சிவந்துவிடும். மூத்திரம் மட்டும் பச்சை நிறமாகப் போகும். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த மாத்திரையின் தயவில்தான் அவள் எல்லாத் தேர்விலும் தேறி, சுடலையைக் கட்டி, அவனோடு கப்பலேறி இவ்வளவு தூரம் வந்தது. காலையில் பல் விளக்குகிறாளோ இல்லையோ, மாத்திரை போடாமல் கண்ணாடி பார்க்க மாட்டாள். மாத்திரை போடாத தன் முகத்தை அவளுக்கே பிடிக்காது.

அப்புறம் வயிற்றில் பிள்ளை தங்கியது. புதுத்தேரி மண்ணில் பிறக்கப்போகும் முதல் பிள்ளை.

"மாத்திரையை இன்னையோட நிறுத்திரு இசக்கி" என்றாள் டாக்டர் ஜெசிந்தா. மணப்பாட்டுக்காரி. மனசில் பட்டதை உடைத்துப் பேசுவாள்.

"நிறுத்தினா பழையபடி நாவப்பழமா ஆயிருவேனே டாக்டரம்மா."

"ஆவட்டும். அந்த மருந்து வயித்துப் பிள்ளைக்கு ஆவாது. குடலை அடைச்சுப்போடும். உனக்குப் பிள்ளை வேணுமா, செவப்பு உதடு வேணுமா?"

இது ஒரு கேள்வியா? இசக்கி மாத்திரைப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த கை உடனே விலகவில்லை.

"எனக்கு என்னதான் கேடுன்னு ஒரு தரம் விளங்குத மாதிரி சொல்லுங்களேன். ஒவ்வொரு டாக்டரும் வாயில நுழையாத பேரைச் சொல்லிட்டுப் போயிருதாவ."

"சொல்லுதேன், கேளு. ரத்தத்துல காத்தைச் சுமக்கது இரும்பு. எல்லாருக்கும் அது தெனமும் கொஞ்சம் துருப்பிடிக்கும். துருவைத் தேய்ச்சுவிட உடம்புக்குள்ளயே ஒரு வேலையாள் உண்டு. உனக்கு வாய்ச்சவன் பிறவிச் சோம்பேறி. அதனால மூணுல ஒரு பங்கு துருவாவே கெடக்கு. துருப்பிடிச்சது காத்தைத் தூக்காது. மாத்திரை போட்டா, சோம்பேறிக்குப் பதிலா வேற ஆளு வந்து தேய்ச்சுட்டுப் போவான். அவ்வளவுதான். உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"அத்தை மவன், மாமன் மவ."

"அதான் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒளிஞ்சு கெடந்தது உங்கிட்ட வந்து சேந்துட்டு. மத்தவங்களுக்கு வேற வழியா வரும். உரம் ஊறுன கெணத்துத் தண்ணியில பால்பொடி கலக்கிக் குடுத்தா பச்சப்பிள்ளைக்கு வரும். சில மாத்திரையால வரும், பல்லு மரக்கதுக்குத் தடவுத மருந்தாலயும் வரும். அதெல்லாம் வந்த வழியே போயிரும். உன்னது கூடப் பொறந்தது. சுடலை உனக்குச் சொந்தமில்ல, அசல்தான?"

"அசல்தான்."

"அப்போ பிள்ளை அநேகமாச் செவப்பாத்தான் பொறக்கும். பயப்படாத."

அந்த வார்த்தையை இசக்கி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தனக்கு இல்லாவிட்டால் என்ன, பிள்ளைக்குச் சிவப்பு உதடு கிடைத்தால் போதும்.

ஆனாலும் புட்டியைப் பார்த்து அவள் முகம் தொங்கியது. அதைக் கண்டு ஜெசிந்தா சுவரிலிருந்து ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே துணி சுற்றின சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும், ஊசி மருந்தும் இருந்தன.

"இது எதுக்குன்னு தெரியுமா? இந்த ஊர் மணல்ல சயனைடு பனியா உறைஞ்சு கெடக்கு. அது மூக்குல ஏறிட்டா, ரத்தம் நெறையக் காத்து இருந்தும் உடம்பால எடுத்துச் செலவு பண்ண முடியாது. பந்தியில உக்காந்திருக்கான், வாயைக் கட்டிப் போட்டாச்சு, அந்தக் கதை. அப்போ இந்தக் குப்பியை நசுக்கி மூக்குகிட்ட பிடிக்கணும். இது நல்ல ரத்தத்தைக் கொஞ்சம் துருப்பிடிக்க வைக்கும். சயனைடுக்குத் துருன்னா உசுரு. எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிவந்து துருவுலதான் ஒட்டும். ஆளு பிழைச்சுக்கிடுவான்."

"அப்போ நான்?"

"நீயா? நீ மருந்தோட பொறந்தவ" என்று சிரித்தாள் ஜெசிந்தா.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று இசக்கியும் சிரித்துவைத்தாள்.

மாத்திரையை நிறுத்தின மறுநாளே கதவு தன் குணத்தைக் காட்டிவிட்டது. எண்பத்தைந்து, சிவப்பு. சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பூட்டிக்கொண்டு, எல்லோரும் கையில் தட்டோடு மாட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து இசக்கி எந்தக் கதவிலும் விரல் வைக்கக் கூடாது என்று உத்தரவு. மண்வண்டிச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். எங்கே போவதானாலும் யாராவது ஒருவரின் விரல் வேண்டும். சுடலை இருந்தால் கவலையில்லை. அவன் வேலைக்குப் போனபின் கதவருகே நின்று, "அக்கா, ஒரு விரல் வையுங்களேன்" என்று கேட்க வேண்டும். வைப்பவர்கள் உண்டு. காதில் விழாத மாதிரி போகிறவர்களும் உண்டு. கக்கூஸுக்குப் போக அடுத்தவர் விரலுக்குக் காத்து நிற்பதைப்போல ஒரு கேவலம் உண்டா, சொல்லுங்கள்!

கடைசியில் அண்ணாச்சியே கூப்பிட்டு அனுப்பினார்.

"இங்க பாரு தாயி. கதவு எல்லாருக்கும் காவல். ஒருத்திக்காக அதைத் தளத்த முடியாது. அடுத்த கப்பல்ல நீ ஊருக்குப் போயிரு. புதுக்கூடம் திறப்புவிழா முடியட்டும், முறைப்படி சொல்லிருதேன்."

"அவுஹ?"

"சுடலை எப்படி வருவான்? அவனுக்கு இங்க வேலை பாக்கி கெடக்கே."

கப்பல் ஊர் போய்ச்சேர வருஷக்கணக்காகும். பிள்ளை கப்பலில் பிறந்து, கப்பலில் நடை பழகி, அப்பன் முகத்தைப் படத்தில் பார்த்து வளர வேண்டும். இசக்கிக்கு அழுகை முட்டியது. ஆனால் அண்ணாச்சி முன்னால் அழ அவளுக்கு மனசில்லை. ஜெசிந்தா போய்ச் சண்டை பிடித்தாள். "அவ ரத்தம் அப்படித்தான், காத்துக்கு ஒண்ணுமில்லை" என்று எவ்வளவோ சொன்னாள். "கதவுக்கு அது தெரியுமா டாக்டர்?" என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார் அண்ணாச்சி.

திறப்புவிழா வந்தது.

புதுக்கூடம்தான் புதுத்தேரியிலேயே பெரியது. நல்ல காரியம் தொடங்கினால் பிள்ளையார் பிடித்து வைக்க வேண்டுமே? பிடித்து வைத்தால் பிள்ளையார். ஊரில் மஞ்சளில் பிடிப்பார்கள், சாணியில் பிடிப்பார்கள். அண்ணாச்சிக்கு ஒரு யோசனை உதித்தது. "ஊர்லேர்ந்து வந்த மஞ்சப்பொடி எதுக்குடே? நம்ம மண்ணுலயே பிடிப்போம். சனீஸ்வரன் மண்ணுல பிள்ளையார்! எவனுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" கேட்டவர்களுக்கெல்லாம் புல்லரித்தது. குளிர் அறையில், இயந்திரக் கைகளை வைத்தே மணலைப் பிசைந்து, தும்பிக்கையும் தொந்தியுமாக அருமையாகப் பிடித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடி இறுக்கினார்கள். டாக்டரும், "மூடியிருந்தா சரி" என்று சொல்லிவிட்டாள். விஷத்தை மோப்பம் பிடிக்கிற கருவி வெளிவாசலில் மட்டும்தான் உண்டு, மண் வருகிற வழி அதுதானே. பெட்டி மூடியிருந்ததால் கருவி வாய் திறக்கவில்லை.

இசக்கி சுடலையின் விரலில் கூடத்துக்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சமையல்கூடத்துக் கோமு அக்கா திரும்பிப் பார்த்து, "வாயும் வயிறுமா நல்ல காரியத்துக்கு வாறவ, உதட்டுல ஒரு சாயம் பூசிட்டு வரக்கூடாதா? பாக்கவே பயமா இருக்கு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இல்லாமல் சொல்வதுதான் அதிகம் வலிக்கும். சுடலைக்குக் கோபம் வந்து வாயெடுத்தான். இசக்கி அவன் கையை அழுத்தினாள்.

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் பிளந்து கட்டியது. அண்ணாச்சி பட்டு வேட்டியோடு முன்னால் வந்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சுக் கும்பிட இவரு என்ன கண்காட்சிச் சாமானா? சாமிக்கும் நமக்கும் நடுவுல என்னடே மறைப்பு?"

சொல்லிக்கொண்டே கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்கிவிட்டார்.

வெளியே உறைந்து கிடந்த மண்ணுக்குக் கூடத்துச் சூடு பட்டதும் பிள்ளையார் மேலிருந்து வெள்ளைப் புகை வழிந்து இறங்கியது. ஜனம் அப்படியே உருகிப்போனது. "பிள்ளையாரு மூச்சு விடுதாரு!" என்று ஒரு குரல். கன்னத்தில் போட்டுக்கொண்டு முன்னால் நெருங்கினார்கள். கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வதுபோல இரண்டு கையாலும் புகையை அள்ளி அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சுடலையும் எழுந்து போய் ஒற்றிக்கொண்டு, பெண்டாட்டிக்கென்று இன்னொரு கை அள்ளினான்.

"மூடுங்க! பெட்டியை மூடுங்க!" என்று ஜெசிந்தா கத்தியது நாதஸ்வரத்தில் அமுங்கிப்போயிற்று. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்தாள்.

அண்ணாச்சிக்கும் தலை சுற்றியது. காற்றில் ஏதோ சரியில்லை என்று தோன்றி, தள்ளாடிக்கொண்டே கதவருகே வந்து விரல்கண்ணில் விரலை வைத்தார். பச்சை! "தொண்ணூத்தொம்பது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "காத்து சுத்தமா இருக்கு. ஒருத்தரும் பயப்படாண்டாம். உக்காருங்க, உக்காருங்க." திறந்த கதவு அவருக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு மூடிக்கொண்டது. அவர் அந்த இடத்திலேயே சரிந்தார்.

இசக்கி எழுந்து நின்றாள். கசந்த வாதுமைப் பருப்பின் வாடை அடித்தது. ஒவ்வொருவர் முகமும் அரளிப்பூவாகச் சிவந்திருந்தது. உதடெல்லாம் அப்படி ஒரு சிவப்பு. அவள் பிறந்ததிலிருந்து ஏங்கின சிவப்பு அதுதான். ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். அந்தச் சிவப்போடு அவர்கள் வரிசையாகக் கீழே விழுந்துகொண்டிருந்தார்கள்.

பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், வாயைக் கட்டிப் போட்டாச்சு. டாக்டரம்மா சொன்னது அப்படியே நினைவு வந்தது. அவளுக்கும் தலை லேசாக வலித்தது, ஆனால் கால் நின்றது. நீ மருந்தோட பிறந்தவ! ஆறுதலுக்குச் சொன்னதில்லை அது.

முதலில் பிள்ளையாரிடம் ஓடினாள். "மன்னிச்சிக்கிடும் பிள்ளையாரப்பா, நீரு உள்ளயே இரும்" என்று மூடியை அழுத்திக் கொக்கிகளைப் போட்டாள். திரும்பினால் காலடியில் சுடலை. வாய் திறந்து கிடந்தான். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவளுக்குத் தருவதற்கென்று அள்ளின கை இன்னும் குவிந்தபடியே இருந்தது.

ஐயோ, என்ன செய்வாள்! அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவன் பிழைப்பான். ஆனால் ஊசி போடத் தெரிந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். அவள் போனால் அத்தனை பேரும் போனார்கள். "என் ராசா, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. உங்களை விட்டுட்டுப் போகலை, உங்களுக்காகத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, புருஷனைத் தாண்டிப் போய் டாக்டரை அள்ளித் தோளில் போட்டாள். டைட்டனில் ஆள் எடை ஊர் எடையில் ஏழில் ஒரு பங்குதான், தூக்குவது பெரிதில்லை. மூச்சுதான் வாங்கியது. துருப்பிடித்த ரத்தம், அதில் இரண்டு உயிர்.

கதவுக்கு வந்து பழக்கதோஷத்தில் விரலை நீட்டிவிட்டாள். துளையின் விளிம்பைத் தொட்டதும்தான் நினைவு வந்தது. அவள் விரல் உள்ளே போனால் எண்பத்தைந்து, சிவப்பு. கதவு பூட்டிக்கொள்ளும், கூடமே சமாதியாகிவிடும். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

கதவடியில் அண்ணாச்சி கிடந்தார், பட்டு வேட்டியும் சிவந்த முகமுமாக.

"அண்ணாச்சி, ஒரு விரல் வையுங்களேன்" என்றாள் இசக்கி. அவர் கையைப் பிடித்துத் தூக்கி, ஆள்காட்டி விரலைத் துளைக்குள் நுழைத்தாள்.

தொண்ணூற்றொன்பது! சாகக் கிடந்த மனிதருக்குக் கதவு பச்சை விளக்குப் போட்டுப் பவ்வியமாகத் திறந்தது. ஆள் நடுவில் இருந்தால் கதவு நசுக்காது என்பது அவளுக்குத் தெரியும். அண்ணாச்சியை வாசற்படியின் குறுக்கே இழுத்துக் கிடத்தினாள். பாவம், கிடந்த கிடையிலும் தலைவர் பொறுப்பாகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவ அறை டாக்டரின் விரலிலேயே திறந்தது. கதவு மூடாமலிருக்க அவளையும் வாசற்படியின் குறுக்கே கிடத்திவிட்டு உள்ளே ஓடினாள். மஞ்சள் பெட்டி. குப்பியைத் துணியோடு நசுக்கி மூக்கருகே பிடித்தாள். ஒன்று. இன்னொன்று. ஜெசிந்தாவின் உதட்டில் சிவப்பு மங்கி, நீலம் படர்ந்தது. தன் நிறம் இன்னொருத்தியின் முகத்தில் ஏறுவதை இசக்கி அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தாள். ஜெசிந்தா கண்ணைத் திறந்தாள்.

"எத்தனை பேரு?"

"எல்லாரும் டாக்டரம்மா."

"நீ எப்படி நிக்க?" என்று கேட்டுவிட்டு அவள் உதட்டைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்கு விளங்கிவிட்டது. "ஏ மாதாவே! எடு பெட்டியை. குப்பியை நசுக்கி ஒவ்வொரு மூக்குலயும் பிடி, ஆளை வெளிய இழுத்துப் போடு. கூடத்துக்குள்ள நான் வர முடியாது. நீதான் போவணும்."

அவள்தான் போனாள். திரும்பத் திரும்பப் போனாள். இரண்டு கக்கத்திலும் இரண்டு ஆளை இடுக்கிக்கொண்டு, வயிறு இடிக்காமல் உடம்பைச் சாய்த்துக்கொண்டு, நடைபாதையில் கொண்டுவந்து கிடத்தினாள். முதல் நடையில் சுடலை வந்தான். ஜெசிந்தா சுவரில் சாய்ந்தபடியே ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி ஆளையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, வாசலில் கிடந்தபடியே குப்பியும் ஊசியும் வாங்கியிருந்த அண்ணாச்சியை இசக்கி உருவி எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

ஒருவர்கூடச் சாகவில்லை. ஒருவர்கூட!

சுடலைதான் முதலில் எழுந்து உட்கார்ந்தான். பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தான். "என்னட்டி இது, எல்லாரும் உன்னை மாதிரியே இருக்காவ?"

உண்மைதான். நடைபாதை நெடுகிலும் நாவல்பழ உதடுகள். கோமு அக்கா குழாயின் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, என் உதட்டைப் பாரேன்!" என்று அலறினாள்.

"சாயம் வேணுமாக்கா?" என்றாள் இசக்கி.

கோமு அக்கா இசக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கூத்து அதோடு முடியவில்லை. அண்ணாச்சி எழுந்து நிலைகொண்டதும், தலைவர் அல்லவா, நடைபாதையின் மறுகோடிக் கதவுக்குப் போய் விரலை வைத்தார். எண்பத்தாறு, சிவப்பு. படாரென்று பூட்டிக்கொண்டது.

"ஏய், நான் அண்ணாச்சிடே!" என்றார் கதவைப் பார்த்து.

கதவுக்கு அது தெரியுமா?

"டாக்டர், இசக்கியோட நீல மாத்திரையில ஆளுக்கு ஒண்ணு குடுங்களேன், செவந்துரலாம்" என்று யாரோ ஒருவன் கேட்டான்.

"மூச்! துருவைத் தேய்ச்சுவிட்டா ஒட்டுன விஷம் அவுந்துரும். நாளைக்குள்ள தானாத் தெளியும். அதுவரைக்கும் எல்லாரும் இசக்கியா இருங்க. இருந்துதான் பாருங்களேன்."

இருந்து பார்த்தார்கள். மாடிப்படி ஏறினாற்போல மூச்சு வாங்கியது. தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கதவு திறக்கவில்லை. கண்காணிப்பு அறையில் காவலிருந்த ஒருவன்தான் சிவப்பாக மிஞ்சியிருந்தான். அவன் வந்து திறக்கும்வரை புதுத்தேரியின் பெரிய மனிதர்கள் எல்லோரும் கதவருகே விரலுக்குக் காத்து நின்றார்கள். அந்த வரிசையைப் பார்த்து இசக்கி சிரிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நன்றாகவே சிரித்தாள்.

அண்ணாச்சி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். விஷம் விட்டுப்போன மிச்சமாக வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் பிறகும் போகவில்லை.

"மூடியைத் திறந்தது நான். எத்தனை உசுரு போயிருக்கும்!" என்றார். "இந்த மண்ணுக்கு ஏத்த ரத்தம் உன்னதுதான் தாயி. நாங்கதான் இங்க அசலூரு."

இசக்கி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பொதுவில் பேசும்போது உதட்டை மடித்துக்கொள்கிற பழக்கம் அவளுக்குண்டு. அன்றைக்கு மடிக்கவில்லை.

"நான் கப்பல் ஏற மாட்டேன் அண்ணாச்சி. கதவுக்கு என் நிறத்தைச் சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடுத்தார்கள். "ரெண்டு நெற வெளிச்சத்தை வச்சுத்தான் இத்தனை நாளும் பாத்துது. இன்னும் சிலதைச் சேத்தா துரு எது, காத்துப் பஞ்சம் எதுன்னு பிரிச்சுப் பாத்துரும்" என்று ஜெசிந்தா விளக்க, எல்லா விரல்கண்ணையும் பிரித்து மாட்டினார்கள். மோப்பக் கருவியும் கூடத்துக்கு ஒன்று வந்தது. மண்வண்டிச் சாவி இசக்கியிடம் திரும்பி வந்தது. வெளியிலிருந்து எந்த மண் பெட்டி வந்தாலும், "இசக்கியைக் கூப்பிடு, அவ திறக்கட்டும்" என்பது வழக்கமாயிற்று. பிள்ளையார் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே, குளிர் அறையில் கொலுவிருக்கிறார். கும்பிடுகிறவர்கள் தள்ளி நின்று கும்பிடுகிறார்கள்.

பிள்ளை பிறந்தது, பெண். மருத்துவ அறை வாசலில் ஊரே கூடி நின்றது. கோமு அக்காதான் முதலில் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் விழுந்துவிட்டது.

"அடடா, செவப்பால்லா பொறந்திருக்கு!"

கூட்டத்தில் ஒரு 'ச்சு' கேட்டது. அண்ணாச்சி, "போகட்டும், அதனால என்ன? அழகாத்தான் இருக்கு" என்று ஆறுதல் சொன்னார். இசக்கி கட்டிலில் படுத்தபடியே, வலியையும் மறந்து குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இந்தச் சிவப்புக்காகத்தானே எத்தனையோ நாள் வேண்டிக்கொண்டாள்!

சிரித்து முடித்தபின், மேசைமேல் வைத்துவிட்டுப்போன அந்த மாத்திரைப் புட்டியைச் சுடலையிடம் எடுத்துவரச் சொன்னாள். ஒரு மாத்திரையை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் உரைத்தாள். விரல் நுனி நீலமானது. அவள் நகத்துக்கும் அதற்கும் நிறம் அதிகம் வித்தியாசமில்லை. பிள்ளையின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"கண்ணு படாம இருக்கட்டும்" என்றாள்.

புதுத்தேரியில் இன்றைக்கும் பச்சைப்பிள்ளைக்குத் திருஷ்டிக்குக் கறுப்பு மை வைப்பதில்லை. நீலம்தான். வேறு நிறத்தில் வைத்தால் கோமு அக்கா சண்டைக்கு வந்துவிடுவாள்.